192 பக்கம், 12 பாரம், 46 மணி: கட்டளை வரியில் ஒரு தமிழ்ப் புத்தகம்

நெய்வேலியில் சொந்தச் செலவில் புத்தகம் போட நினைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 1956-இல் நிறுவனம் பதிவானது. 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. அந்த வேலைகளைப் பார்த்த தலைமுறையும் அதற்கடுத்ததும் ஓய்வு பெற்று எழுத உட்கார்ந்துவிட்டன. 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி அவர்களுக்குக் கெடுவையும் குறித்துக் கொடுத்தது: ஜூலைக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் படி தயாரானதும் முதல் கேள்வி, பக்கம் கட்டுவது யார் என்பது. டிடிபி கடையில் கொடுக்கலாம். கணினி தெரிந்த பிள்ளைகள் இன்னொரு வழி சொல்வார்கள்: டெக், அதன் மேல் அமைந்த லாடெக், குரோஃப் என்று இலவச நிரல்கள் இருக்கின்றன, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று. இந்த நிரல்களில் பக்கத்தைத் திரையில் இழுத்து நகர்த்தும் வேலை கிடையாது. வெறும் உரைக்கோப்பில் எழுதி, இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று நடுநடுவே குறியிட்டு வைத்தால் போதும். கடைசியில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் அச்சுக்குப் போகும் பிடிஎஃப் வந்துவிடும்.

இலவசம் என்பது உண்மையில் எவ்வளவு? அதற்கு ஒரு மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். 42,000 சொல். டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். ஒரே வண்ணம், 300 படி. கீழே வரும் எண்களில் பைட், புள்ளி, கிராம் எல்லாம் கணக்குப் போட்டு எடுத்தவை. ரூபாயும் மணி நேரமும் மட்டும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

மூலப்பொருள்: பத்தரை லட்சம் பைட்

'நெய்வேலி' என்ற சொல்லில் தமிழ் இலக்கணப்படி 4 எழுத்து. யூனிகோடில் அதுவே 8 குறியீடு: ந, ஒற்றைக்கொம்பு, ய, புள்ளி, வ, இரட்டைக்கொம்பு, ல, இகரச் சுழி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். ஆகவே 24 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட்டோடு முடிந்துவிடும்.

சொல்லுக்குச் சராசரி 8 குறியீடு, பின்னால் ஓர் இடைவெளி என்று வைத்தால் 25 பைட். 42,000 சொல்லுக்கு 10,50,000 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இதைவிடப் பெரிது.

இந்த வகை நிரல்கள் பிறந்த காலத்தில் இது பெரும் சுமை. 1964-இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதன் வழியில் வந்த ராஃப், 1971-இல் பெல் ஆய்வகத்தில் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் மூவருக்கு விண்ணப்பம் அடிக்கும் வேலையைப் பார்த்துக் கொடுத்தது. அது ஓடியது யூனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்த பிடிபி-11 இயந்திரத்தில். நினைவகம் 24 கிலோபைட். வட்டு 512 கிலோபைட். ஒரு கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. நம் மாதிரிப் புத்தகத்தை அதில் ஏற்ற வேண்டுமானால் அப்படிப்பட்ட வட்டு மூன்று வாங்கி, உரையை 17 கோப்பாகப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

இன்றைய நிலை தலைகீழ். உரை 1 மெகாபைட். அதைப் பக்கமாக்கும் டெக் லைவ் தொகுப்பை முழுதாக நிறுவினால் 7 ஜிகாபைட்டைத் தாண்டும். தமிழுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நிறுவினால் இதில் சிறு பங்குதான் ஆகும். நிரலின் விலை 0 ரூபாய். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, லோகித் போன்ற எழுத்துருக்களின் விலையும் 0 ரூபாய்.

102, 125, 108

ராஃபின் வழியில் 1973-இல் ஜோ ஒசானா எழுதிய ட்ராஃப், கேட் என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்காக உருவானது. அந்த இயந்திரத்தில் ஒரே சமயத்தில் 4 எழுத்துரு மாட்டலாம். ஒவ்வொன்றிலும் 102 உருவம். அளவு 6 புள்ளியிலிருந்து 36 புள்ளி வரை 15 வகை. தமிழ் அதில் அடங்கியிருக்குமா?

தமிழுக்கு 247 எழுத்து என்றாலும் அத்தனைக்கும் தனி அச்சு வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1. மெய் ஒவ்வொன்றுக்கும் க, க், கி, கீ, கு, கூ என்று 6 உருவம். 18 மெய்க்கு 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரச் சங்கிலி என்று 4. ஔகாரத்துக்கு ளகரத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். கூட்டினால் 125. கிரந்தத்தை விட்டுவிட்டால், ஒரு சாதா எழுத்துக்கு கேட் இயந்திரத்தின் இரண்டு எழுத்துரு, தடித்த எழுத்துக்கு இன்னும் இரண்டு. நான்கு இடமும் தீர்ந்துவிடும். மொத்த 408 இடத்தில் மிஞ்சும் 158-இல் எண்ணும் நிறுத்தக்குறியும் போய், ஆங்கிலத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

இந்த 125 என்ற எண்ணே 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்தது. ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளுக்கு அதற்கு முன் தனி வடிவம் உண்டு. பெரியார் பல ஆண்டு முன்பே தம் ஏடுகளில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வடிவங்களை அரசாணை பொதுவாக்கியது. தமிழ் அச்சுப் பெட்டியின் சுமை குறைந்த அதே 1978-இல்தான் ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் க்னூத் டெக் நிரலின் முதல் வடிவத்தை எழுதினார். தம் புத்தகத்தின் மெய்ப்பு கண்ணுக்கு உறுத்தியதால் 1977-இல் இறங்கியவர், ஓர் ஆண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

அடுத்த எண் 108. தமிழ் உயிர்மெய் 216. அவற்றில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஏறியவை 6 × 18 = 108, சரிபாதி. இவை எல்லாவற்றிலும் மெய்க்கு இடப்பக்கம் ஒரு குறி நிற்கும். கோப்பில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். தாளில் கொம்பு முன்னால், ககரம் பின்னால். 'கொ' கோப்பில் 2 குறியீடு, தாளில் 3 உருவம். இப்படி இடம் மாற்றிப் பொருத்தும் வேலையை எழுத்துருவாக்கப் பகுதி ஒன்று பார்க்க வேண்டும்.

ட்ராஃப் குடும்பத்தின் இன்றைய வாரிசு குரோஃப். ஜேம்ஸ் கிளார்க் எழுதி 1990-இல் வெளிவந்தது. லினக்ஸ் கணினியில் உதவிப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பெரும்பாலும் பின்னால் ஓடுவது அதுதான். சின்ன நிரல், கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடியும், வரித் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும் சேர்ந்த கட்டளைகள். ஆனால் இந்த இடமாற்ற வேலை அதற்குத் தெரியாது. உயிர்மெய்யில் பாதி பிறழும் கருவியில் தமிழ்ப் புத்தகம் கட்ட முடியாது. ஆங்கிலத்தில் இயந்திரக் கையேடு, கடிதம், அறிக்கை என்றால் குரோஃப் போதும்.

டெக் பக்கத்தில் வழி திறந்தது. 1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே டெக்குக்குத் தமிழ் எழுத்துரு அமைத்தார். ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக மாற்ற வேண்டிய காலம் அது. 2004-இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக் யூனிகோடை நேராகப் படித்தது. இன்று அதற்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க நூலகம் இருக்கிறது. 108 உயிர்மெய்யும் இடம் மாறி ஒழுங்காக உட்காரும். நம் கணக்கு இனி ஸீடெக்கை வைத்துத்தான்.

வரி: 4,750-உம் 47-உம்

பக்கத்தின் அகலம் 140 மில்லிமீட்டர். இரு புறமும் 18 விட்டால் எழுத்துக்கு 104 மில்லிமீட்டர். டெக் கணக்கில் 296 புள்ளி. அதற்கு ஓர் அங்குலம் 72.27 புள்ளி. டெக் ஒரு புள்ளியை 65,536 பங்காக்கி அளக்கிறது. ஒரு பங்கு சுமார் 5.4 நானோமீட்டர். பழைய கேட் இயந்திரம் ஓர் அங்குலத்தை 432 பங்காகத்தான் பிரித்தது.

11 புள்ளித் தமிழ் எழுத்தில் இந்த அகலத்துக்கு 7 சொல் கொள்ளும். இடையே 6 இடைவெளி. தமிழின் சிக்கல் இங்கேதான். நம் சொற்கள் நீளம். எட்டாவது சொல் மயிரிழையில் இடமில்லாமல் அடுத்த வரிக்குப் போனால், 14 மில்லிமீட்டர் வெற்றிடம் மிஞ்சும். அதை 6 இடைவெளியில் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 2.3 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். செய்தித்தாள் பத்திகளில் ஆறு ஓடுவதுபோல் வெள்ளைத் தடம் தெரிவது இதனால்தான்.

டெக் இந்த அசிங்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. விரிவு, அனுமதித்த அளவில் எத்தனை மடங்கு என்று பார்த்து, அதன் மூன்றாம் அடுக்கை 100-ஆல் பெருக்கும். 11 புள்ளியில் ஓர் இடைவெளிக்கு அனுமதித்த விரிவு சுமார் 1.83 புள்ளி. மேலே சொன்ன வரியில் இடைவெளி ஒவ்வொன்றும் 6.64 புள்ளி விரிகிறது: 3.62 மடங்கு. மதிப்பெண் 4,750. இயல்பாக டெக் பொறுத்துக்கொள்ளும் எல்லை 200.

சொல்லை நடுவில் உடைக்க அனுமதித்தால் கணக்கு மாறுகிறது. அப்போது மிஞ்சுவது அதிகம் போனால் ஓர் எழுத்தின் அகலம், 3 மில்லிமீட்டர். 6 இடைவெளிக்குப் பங்கிட்டால் 1.42 புள்ளி, 0.78 மடங்கு, மதிப்பெண் 47. நூறில் ஒரு பங்காகிவிட்டது. இதற்குத் தேவையான தமிழ் உடைப்பு விதிகளைச் சந்தோஷ் தோட்டிங்கல் எழுதினார். டெக் லைவ் தொகுப்போடு அவை வருகின்றன. தமிழ் அச்சில் சொல் உடையும் இடத்தில் பலர் கோடு போடுவதில்லை. அதற்கும் ஒரு வரிக் கட்டளை உண்டு.

வரிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போவது குரோஃபின் வழி. டெக் முழுப் பத்தியையும் ஒரே சமயத்தில் பார்த்து, மொத்த மதிப்பெண் குறைவான உடைப்பைத் தேர்கிறது. க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை இது. பத்தியின் ஐந்தாம் வரியில் வரப்போகும் ஓட்டையைத் தவிர்க்க இரண்டாம் வரியிலேயே ஒரு சொல்லை இறக்கிவிடும். கையால் செய்கிற எந்த ஆபரேட்டருக்கும் 6,000 வரிக்கு அந்தப் பொறுமை வராது.

பக்கம், பாரம், தாள்

வரிக்கு 7 சொல் என்றால் 42,000 சொல்லுக்கு 6,000 வரி. முன்பக்கங்கள் 4. மேலும் கீழும் சேர்த்து 42 மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்கு 174 மில்லிமீட்டர் உயரம், அதாவது 495 புள்ளி. இனி வரி இடைவெளியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

16 புள்ளி: பக்கத்துக்கு 30 வரி, 204 பக்கம், 13 பாரம், வெற்றுப் பக்கம் 4.
15.5 புள்ளி: பக்கத்துக்கு 31 வரி, 198 பக்கம், 13 பாரம், வெற்றுப் பக்கம் 10.
15.25 புள்ளி: பக்கத்துக்கு 32 வரி, 192 பக்கம், 12 பாரம், வெற்றுப் பக்கம் இல்லை.
15 புள்ளி: பக்கத்துக்கு 33 வரி, 186 பக்கம், 12 பாரம், வெற்றுப் பக்கம் 6.

பாரம் என்றால் 16 பக்கம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' மொத்தமே 16 பக்கம்தான். பாதிப் பாரம், கால் பாரம் என்று அச்சகத்தில் சொல்லலாம். ஆனால் முழுப் பாரமாக முடிந்தால் தாளும் தகடும் வீணாகாது.

15.5-க்கும் 15.25-க்கும் உள்ள வித்தியாசம் கால் புள்ளி. மில்லிமீட்டரில் 0.09. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவு ஒரு முழுப் பாரத்தை மிச்சம் பிடிக்கிறது. 23க்கு 36 அங்குலத் தாளில் இரு புறமும் சேர்த்து டெமி 32 பக்கம், அதாவது 2 பாரம். 12 பாரம், 300 படி என்றால் 1,800 தாள், 3.6 ரீம். 70 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 37.4 கிராம், மொத்தம் 67.3 கிலோ. 13 பாரமானால் 1,950 தாள், 72.9 கிலோ. வித்தியாசம் 150 தாள், 5.6 கிலோ. பாரத்தின் இரு புறத்துக்கும் தனித்தனித் தகடு போடும் அச்சகத்தில் 24 தகட்டுக்குப் பதில் 26 போட வேண்டியிருக்கும்.

கட்டி வெட்டிய பின் ஒரு படியின் உள்தாள் எடை 203 கிராம். வெட்டுவதில் படிக்கு 22 கிராம் போகிறது. 300 படிக்கு ஆறரை கிலோ. எந்த நிரலாலும் அதைக் குறைக்க முடியாது.

வரி இடைவெளியை மாற்றிப் பார்ப்பது டிடிபி கடையின் இன்டிசைன் நிரலிலும் முடியும். அங்கே நான்கு வகையும் பார்க்க ஆபரேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டளை வரியில் ஓர் எண்ணைத் திருத்தி மறுபடி ஓட்டினால் போதும். 192 பக்கமும் பொருளடக்கமும் சில நொடியில் திரும்ப வரும். 50 படி, 100 படி என்று டிஜிட்டலில் அடிக்கிறவர்களுக்குப் பாரக் கணக்கு பெரிதாகப் பொருந்தாது. அங்கே பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை. 204-இலிருந்து 192 வந்தால் 12 பக்கத்தின் காசு மிச்சம்.

சொல்லடைவில் சறுக்கும் நான்கு எழுத்து

150 சொல்லுக்கு அடைவு, சொல்லுக்கு 3 இடம் என்றால் 450 பக்க எண். மூன்றாம் மெய்ப்பில் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தால், அதற்குப் பிந்திய எண்கள் நகரும். கையால் எண் போட்டிருந்தால் அத்தனையும் மறுபடி பார்க்க வேண்டும். லாடெக் சொல்லுக்குப் பக்கத்தில் இட்ட குறியை வைத்து எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும்.

வரிசைப்படுத்துவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. யூனிகோட் வரிசையில் ன, நகரத்தை அடுத்து நிற்கிறது. ற, ரகரத்தை அடுத்து. ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னால். தமிழ் நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்பதே முறை. புள்ளியின் குறியீடு உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிறகு போய் விழும். அகராதியில் அது ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் பழைய அடைவு நிரலை நம்பினால் நான்கு மெய்யும் அத்தனை புள்ளி எழுத்தும் இடம் மாறிவிடும். தமிழ் வரிசை அறிந்த அடைவு நிரலை இணைப்பது முதல் முறை அரை நாள் வேலை. அதன் பிறகு வேலை இல்லை.

மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' மாதிரி நூல்களை நினைத்தால் இதன் பயன் தெரியும். தலைச்சொல், பொருள், எடுத்துக்காட்டு என்று ஒரே அமைப்பு ஆயிரக்கணக்கான முறை திரும்பும் நூலில், அமைப்பை ஒரு முறை எழுதி வைத்தால் பதிவு எத்தனை கூடினாலும் வடிவம் மாறாது. அகராதி, பாடநூல், கணக்கறிக்கை, காலாண்டிதழ் எல்லாம் இந்த வகை. படமும் வண்ணமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும் மலர்களுக்கு இந்தக் கருவி சரிப்படாது.

மணியும் ரூபாயும்

42,000 சொல்லை நிமிடத்துக்கு 25 சொல் வேகத்தில் தட்டினால் 28 மணி நேரம். யார் பக்கம் கட்டினாலும் இது உண்டு. இரு பக்கத்திலும் அடித்துவிடலாம்.

பக்கம் கட்ட டிடிபி கூலி, மூன்று மெய்ப்பு உட்பட, பக்கத்துக்கு 40 ரூபாய் என்று வைப்போம். 192 பக்கத்துக்கு 7,680 ரூபாய். சொந்தமாகச் செய்கிறவர் லாடெக் கற்க 40 மணி, ஒரு புத்தகத்துக்குப் பக்கம் கட்ட 6 மணி. மணிக்கு 200 ரூபாய் மதிப்பு வைத்தால் கற்பதற்கு 8,000, புத்தகத்துக்கு 1,200.

முதல் புத்தகம்: சொந்தமாக 9,200, டிடிபியில் 7,680. நட்டம் 1,520.
இரண்டு புத்தகம்: சொந்தமாக 10,400; டிடிபியில் 15,360. மிச்சம் 4,960.
மூன்று புத்தகம்: சொந்தமாக 11,600; டிடிபியில் 23,040. மிச்சம் 11,440.

கூலி பக்கத்துக்கு 25 ரூபாயானால் இரண்டு புத்தகம் வரை நட்டம். மூன்றாவதில்தான் மிச்சம் தொடங்கும். கற்க 40-க்குப் பதில் 80 மணி பிடித்தால், 40 ரூபாய்க் கூலியிலும் மூன்றாவது புத்தகம் வரை காத்திருக்க வேண்டும். நேரத்துக்கு விலையே வைக்காதவர்களுக்கு முதல் புத்தகத்திலேயே 7,680 ரூபாய் மிச்சம்போலத் தோன்றும். ஓய்வு பெற்றவர்கள் பலர் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அதுவும் தவறில்லை, கற்பதே அவர்களுக்குப் பொழுதுபோக்கானால்.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. முதல் சுரங்கத்தில் 1 டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ 5.5 கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அதன் ஆண்டுத் திறன் 1 கோடியே 5 லட்சம் டன்னாக இருந்தது. அத்தனையும் எடுத்தால் 5 கோடியே 77 லட்சம் கன மீட்டர் மண். நம் புத்தகத்தில் 6 மணி வேலைக்கு மேலே கிடப்பது 40 மணிப் படிப்பு: ஒன்றுக்கு 6.7. சுரங்கத்தில் அடுத்த டன்னுக்கும் அதே மண் காத்திருக்கும். இங்கே ஒரு முறை அகற்றினால் போதும். இரண்டு புத்தகத்தில் விகிதம் 3.3, ஐந்தில் 1.3, ஏழாவது புத்தகத்தில் ஒன்றுக்கும் கீழே.

இந்தப் படிப்புக்கு ஊருக்குப் பக்கத்திலேயே ஆள் உண்டு. புதுச்சேரியிலும் சென்னையிலும் வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் கட்டும் நிறுவனங்கள் இயங்குகின்றன. லாடெக் தெரிந்தவர்களை அவை வேலைக்கு எடுக்கின்றன. திருவனந்தபுரத்தில் 2002-இல் உலக டெக் பயனர் மாநாடே நடந்தது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் ஆங்கிலச் சூத்திரங்களுக்கு நாள் முழுக்க இதே கருவியைப் பிடிக்கிறார்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு அதைத் திருப்புகிறவர்கள்தான் குறைவு.

மின்சாரம்: ஒரு வாளி மண்

46 மணி நேரம் 50 வாட் மடிக்கணினி ஓடினால் 2.3 யூனிட். பழுப்பு நிலக்கரியில் 1 யூனிட் எடுக்க ஏறத்தாழ 1 கிலோ எரிய வேண்டும். ஆக 2.3 கிலோ நிலக்கரி. அதற்கு மேலே கிடந்த மண் 0.0127 கன மீட்டர், சுமார் 13 லிட்டர். கற்பதும் கட்டுவதும் சேர்ந்து நெய்வேலியின் பூமியிலிருந்து கேட்பது அவ்வளவுதான். 67 கிலோ தாளுக்கு முன் இது கணக்கில் சேராது.

மொத்தம்

நிரல்: 0 ரூபாய்.
எழுத்துரு: 0 ரூபாய்.
உரை: 10.5 லட்சம் பைட்.
தட்டச்சு: 28 மணி, இரு பக்கத்துக்கும் பொது.
கற்றல்: 40 மணி, ஒரே முறை.
பக்கம் கட்டல்: புத்தகத்துக்கு 6 மணி.
தாள்: 3.6 ரீம், 67.3 கிலோ.
மின்சாரம்: 2.3 யூனிட்.

க்னூத் தம் நிரலில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு முதலில் 2.56 டாலர் காசோலை கொடுத்தார். ஆண்டுதோறும் இரட்டிப்பாகி அது 327.68 டாலரில் நின்றது. டெக்கின் பதிப்பு எண் பையின் மதிப்பை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நீள்கிறது; 2021-இல் 3.141592653. புதிய வசதி சேர்ப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். 1980-களில் எழுதிய டெக் கோப்பு இன்றும் ஓடும். தமிழ் டிடிபியை நீண்ட காலம் சுமந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதில் பழைய குறியீட்டு எழுத்துருவில் கட்டிய புத்தகங்களை மறுபதிப்புக்கு எடுக்கிறவர்கள், கோப்பு கையில் இருந்தும் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள்.

முடிவு செய்ய ஒரு வகுத்தல் போதும். கற்கும் செலவை, ஒரு புத்தகத்தின் டிடிபி கூலிக்கும் சொந்தச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 8,000-ஐ 6,480-ஆல் வகுத்தால் 1.23. எழுத நினைத்திருக்கும் புத்தகங்களின் எண்ணிக்கை வரும் ஈவைவிடக் குறைவானால் டிடிபி கடைக்குப் போகலாம். அதிகமானாலோ, ஆண்டுக்கு நான்கு இதழ் கொண்டுவரும் இலக்கிய அமைப்பானாலோ, அகராதியானாலோ உட்கார்ந்து கற்பது லாபம்.

கடைக்குப் போகிறவர்கள் பணம் கொடுத்து முடிக்கும் நாளில் பிடிஎஃப்போடு யூனிகோட் உரைக்கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1 மெகாபைட்தான், மின்னஞ்சலில் வந்துவிடும். கேட்காமல் விட்டால் இரண்டாம் பதிப்பின்போது அந்த 28 மணித் தட்டச்சு மறுபடியும் செலவுப் பக்கத்தில் ஏறும்.